ஆறரைப் பேர்

ஜனவரி, இரண்டாம் செவ்வாய். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மனிடோபாவில், ஏரி உறைந்த எங்கள் ஊரில்,
சமூகக்கூடத்தின் நிலவறையில்
மடக்கு நாற்காலிகள் பதின்மூன்று போட்டேன்.
பழக்கம்.
வந்தவர்கள் ஆறு பேர், டெல்ஃபீனின் நாயைச் சேர்க்காமல்.

பனிச்சறுக்குத் திடல் தொண்டர் குழு. நான் செயலாளர்.
நடவடிக்கைக் குறிப்பேட்டில் என் கையெழுத்துக்கு இது ஒன்பதாம் வருடம்.
இன்றைய பொருள் ஒன்றே ஒன்று:
திடலுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது.
புதிது வாங்க முந்நூற்று நாற்பது டாலர்.
இரண்டு நிமிட வேலை.

பென்னர் கை தூக்கினார்.
"தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை.
பதிவேட்டில் பதின்மூன்று பெயர்.
வருகை பாதிக்குக் குறையக்கூடாது என்பது விதி.
பதின்மூன்றில் பாதி ஆறரை."

எல்லோரும் நாயைப் பார்த்தோம்.
அது வாலை ஆட்டியது. வாக்குரிமை இல்லை.

பதின்மூன்றாவது பெயர் ஹல்டோர்.
அக்டோபரில் அடக்கம் செய்தோம்.
அதற்குப் பிறகும் ஒவ்வொரு கூட்டத்திலும்
'வராதவர்கள்' வரிசையில் அவரை எழுதி வருகிறேன்.
அது பொய்யில்லையே.

அவரை நீக்கினால் பன்னிரண்டு.
பன்னிரண்டில் பாதி ஆறு. ஆறு பேர் இருக்கிறோம்.
ஆனால் நீக்கத் தீர்மானம் வேண்டும்,
தீர்மானத்துக்குக் கோரம் வேண்டும்,
கோரத்துக்கு அவர் போகவேண்டும்.
உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான்,
திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டு
வழியை மறித்துக்கொண்டு நிற்பார்.

"கோரம் இல்லாத கூட்டம் மூன்று காரியம் செய்யலாம்,"
பென்னர் விரல் மடக்கினார்.
"கலையலாம். இளைப்பாறலாம். ஆள் பிடிக்கலாம்."
ஹல்டோரோடு இருபது வருடம்
காற்புள்ளிக்கெல்லாம் சண்டை போட்டவர் அவர்.

இருபது நிமிட இடைவேளை:
ஓலெக்சா முன்மொழிந்தான், நான் வழிமொழிந்தேன்.
வராத ஆறு பேரில் இருவர் அரிசோனா வெயிலில்,
ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிவு, ஒருவருக்குக் காய்ச்சல்,
ஒருவன் இரவுப் பணி.
டெல்ஃபீன் வண்டிச் சாவியை எடுத்தாள்.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சிக்ருன் வந்தாள்.
இரவு உடைமேல் கம்பளிக் கோட்டு,
காலில் அவருடைய பூட்ஸ், இரண்டு அளவு பெரிது.
படியில் பனியை உதறினாள். ஏழு.
குழாய் நிறைவேறியது, எதிர்ப்பு ஒன்றுமில்லை.

பிறகு, அந்த இன்னொன்று.
யாரும் வாய் திறக்கவில்லை.
காபிக் கொதிகலன் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அவளே எழுந்தாள்.
"ஹல்டோர் பெயரை நீக்குவது பற்றிய பேச்சை
பனி உருகும்வரை ஒத்திவைக்க முன்மொழிகிறேன்."

"பனி உருகுவது தேதி ஆகாது," என்றார் பென்னர்.
"ஏப்ரல் பத்தொன்பது."
"அன்றைக்கும் உருகாவிட்டால்?"
"திருத்தம் கொண்டு வாருங்கள்."

பேனா மூடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார்.
வழிமொழிந்தவர் என்ற இடத்தில்
நான் எழுதிய பெயர்: கார்னீலியஸ் பென்னர்.
ஆட்சேபம்? இல்லை.

குறிப்பேட்டை மூடும்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது.
பெயர் இருக்கும்வரை நாங்கள் பதின்மூன்று.
பதின்மூன்றில் பாதி ஆறரை.
ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய், இன்னும் ஏழு கூட்டங்கள்,
அத்தனைக்கும் ஏழாவது ஆள் வந்தே தீரவேண்டும்,
அந்தப் பெரிய பூட்ஸில்.
முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் பணம் எண்ணியவள்.
கூட்டல் தெரியாமலா சொன்னாள்?

ஒன்பது நாற்பதுக்குக் கலைந்தோம்.
கொதிகலனை யார் கழுவுவது என்பதற்கு மட்டும்
இன்றைக்கும் தீர்மானம் எதுவும் வரவில்லை.